நல்ல பாகத்தை ஏன் கழற்றி எறிகிறார்கள்? விமானமும் உலோகச் சோர்வும்

விமானத்தில் சில பாகங்களை அவை நன்றாக இருக்கும்போதே கழற்றிவிடுவார்கள். விரிசல் இருக்காது, தேய்மானம் இருக்காது, துரு இருக்காது. பதிவேட்டில் ஓர் எண் வரம்பைத் தொட்டிருக்கும், அவ்வளவுதான். பல லட்சம் ரூபாய் பெறும் அந்தப் பாகத்தை மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி அறுத்துப் போட்டுவிடுவார்கள். பஸ்ஸின் பட்டை முறிந்தால் மாற்றுவோம், மோட்டார் புகைந்தால் காயில் கட்டுவோம் என்று பழகிய நமக்கு இது வீண் செலவாகத்தான் தெரியும். வீண் செலவு இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் குமரி மாவட்டத்தில் வளைகுடா வேலைக்குத் திருவனந்தபுரம் வழியாகப் போய் வருகிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. விமானத்துறைப் பக்கம் கொஞ்சம் தெரிந்தவன் என்று தெரிந்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது: “அந்தப் பிளேனு இருபது வருசம் பழசாக்கும். ஏறலாமா மக்ளே?” ஏறலாம். விமானத்தின் வயதை ஆண்டில் எண்ணுவதில் பெரிய அர்த்தம் இல்லை. அது எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதுதான் கணக்கு. ஏன் அப்படி என்று புரிய, முதலில் உலோகம் எப்படிச் சோர்ந்துபோகிறது என்று பார்த்துவிடலாம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது காற்றாலைகளைக் கவனித்திருப்பீர்கள். அதன் இறக்கை மேலிருந்து கீழே வரும்போது சொந்த எடையே அதை ஒரு பக்கம் வளைக்கிறது. கீழிருந்து மேலே ஏறும்போது மறுபக்கம் வளைக்கிறது. நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் 21,600 தடவை. ஒரு தடவை வளைவதால் இறக்கைக்கு ஒன்றும் ஆகாது. அதைப்போல் பல மடங்கு பாரத்தையும் அது தாங்கும். ஆனால் அதே சின்ன வளைவு கோடிக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரும்போது, இறக்கையைத் தண்டோடு பிடித்திருக்கும் எஃகு போல்ட்டில் எங்கோ ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறக்கலாம். பாரம் கூடவில்லை, எண்ணிக்கைதான் கூடியது. இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறோம்.

விரிசல் எங்கே பிறக்கும் என்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. ஆணித் துளையின் விளிம்பு, கூரான மூலை, உளி பட்ட கீறல், துரு அரித்த சிறு குழி என்று விசை ஓரிடத்தில் குவிகிற இடமாகப் பார்த்துத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு பாரத்துக்கும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ முன்னேறும். நெடுநாள் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் விரிசல், மிச்சமிருக்கும் உலோகம் பாரத்தைத் தாங்க முடியாத அளவுக்கு வளர்ந்ததும் ஒரே நொடியில் முழுதாகப் பிளந்துவிடும். முன்னறிவிப்பாகச் சத்தமோ நடுக்கமோ இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் விரிசல் வளர்ந்த ஒவ்வொரு கட்டமும் வரி வரியாகத் தெரியும். விபத்து விசாரிப்பவர்கள் அந்த வரிகளை எண்ணித்தான் விரிசல் எப்போது தொடங்கியது என்று கணக்கிடுகிறார்கள்.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தது ரயில்வேக்காரர்கள். 1842இல் பிரான்சில் வெர்சாய் அருகே ஓர் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஜெர்மானிய ரயில்வேப் பொறியாளர் ஆகுஸ்ட் வோலர், அச்சுகளைச் சுழலவிட்டு வளைத்து வளைத்து, எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுற்றில் முறிகிறது என்று பட்டியல் போட்டார். எஃகில் ஒரு சௌகரியம் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பாரம் இருந்தால் அது ஏறக்குறைய என்றென்றைக்கும் தாங்கும். அலுமினியக் கலவையில் அந்தச் சலுகை இல்லை. எவ்வளவு சின்னப் பாரமும் ஒரு நாள் கணக்கில் சேரும். விமானத்தின் உடலோ பெரும்பாலும் அலுமினியம்.

ஒரு சைக்கிள் என்றால் என்ன

விமானத்துறையில் சைக்கிள் என்றால் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்குவது. இதை அலகாக வைத்ததற்குக் காரணம் காற்றழுத்தம். 36,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் கால்வாசிகூட இல்லை. பயணிகள் மூச்சுவிட வேண்டுமே. அதனால் உள்ளே சுமார் 8,000 அடி உயரத்துக்குரிய அழுத்தத்தை வைத்திருப்பார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள இந்த வித்தியாசம், உடலின் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் ஐந்தரை டன் அளவுக்கு வெளிப்பக்கமாகத் தள்ளும். ஏறும்போது உடல் ஒரு முறை உப்புகிறது, இறங்கும்போது பழைய நிலைக்கு வருகிறது. நடுவில் நான்கு மணி நேரம் பறந்தாலும் அரை மணி நேரம் பறந்தாலும் உடலுக்கு அது ஒரே ஒரு உப்பல்தான்.

எஞ்சினுக்கும் அப்படியே. உள்ளே பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் வட்டத்தட்டுக்கு டிஸ்க் என்று பெயர். நின்றிருந்த டிஸ்க், டேக் ஆஃப் சமயத்தில் முழு வேகத்துக்குப் போய், கொதிக்கக் காய்ந்து, பிறகு குளிர்ந்து நிற்கிறது. லேண்டிங் கியருக்கு, அதாவது சக்கரங்களைத் தாங்கும் கால்களுக்கு, ஒவ்வொரு இறக்கமும் ஓர் அடி. ஹெலிகாப்டரின் கதைதான் வேறு. அதன் சுழலிகள் பறக்கிற நேரம் முழுக்கப் படபடத்து வளைந்துகொண்டே இருப்பதால், அவற்றில் பல பாகங்களுக்கு வரம்பு மணிக்கணக்கில். 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் கரையோர மீனவர்களைத் தேடிக் கடல்மேல் சுற்றிய ஹெலிகாப்டர்கள் எங்கும் இறங்காமல் சுற்றிய நேரமும் அந்தக் கணக்கில் ஏறியிருக்கும்.

சோதனை ஏமாற்றிய கதை

இந்தப் படிப்பினைக்கு விமானத்துறை கொடுத்த விலை பெரியது. பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் காமெட், உலகில் பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் ஜெட் விமானம். 1952 மே மாதம் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரியில் ஒன்று இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகிலும், ஏப்ரலில் இன்னொன்று நேப்பிள்ஸ் பக்கத்திலும் நடுவானில் சிதறின. முதலாவது சுமார் 1,300 தடவை பறந்திருந்தது, இரண்டாவது சுமார் 900. புத்தம் புதிய விமானங்கள் என்றே சொல்ல வேண்டும்.

காரணம் கண்டுபிடிக்க இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கி, ஏறி இறங்குவதைப்போல் அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். முன்பே பறந்ததையும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் சைக்கிளில் உடல் கிழிந்தது. உடலில் வெட்டியிருந்த திறப்புகளின் மூலையில் விசை குவிந்ததுதான் காரணம்.

இதில் எனக்கு எப்போதும் உறுத்துவது வேறொரு விஷயம். வடிவமைத்தவர்கள் சோதிக்காமல் விட்டவர்கள் இல்லை. உடலின் ஒரு பகுதியைச் செய்து பார்த்து, அது 16,000 தடவைக்கு மேல் தாங்கியது என்று நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் அதே துண்டை அதற்கு முன்பு வலிமைச் சோதனைக்காக, சாதாரணமாக வருவதைவிட மிக அதிக அழுத்தத்துக்கு ஏற்றியிருந்தார்கள். அந்த அதிக அழுத்தத்தில் மூலைகளில் இருந்த உலோகம் லேசாக நீண்டு, அழுத்தம் இறங்கியதும் சுற்றியுள்ள உலோகத்தால் நெருக்கப்பட்டது. நெருக்கப்பட்ட இடத்தில் விரிசல் லேசில் திறக்காது. ஆக, சோதனைத் துண்டுக்குத் தெரியாமலே வைத்தியம் பார்த்துவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். பறந்த விமானங்களுக்கு அந்த வைத்தியம் கிடைக்கவில்லை.

இன்று அதே வித்தையைத் தெரிந்தே செய்கிறார்கள். ஆணித் துளைகளைக் கூம்புக்கோல் விட்டு இழுத்துச் சற்று விரிப்பதும், லேண்டிங் கியரின் மேற்பரப்பைச் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளால் அடிப்பதும் மேல்தோலை நெருக்கத்தில் வைத்திருக்கத்தான்.

வரம்பு எண் எங்கிருந்து வருகிறது

சரி, ஒரு பாகத்துக்கு 20,000 சைக்கிள் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். அப்படியானால் 20,001ஆவது தடவையில் அது உடைந்துவிடுமா? இல்லை. பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

ஒரே கம்பெனி, ஒரே அச்சு, ஒரே உலோகம் என்று செய்த நூறு பாகங்களைச் சோதனை எந்திரத்தில் ஏற்றினால், நூறும் ஒரே எண்ணில் உடைவதில்லை. ஒன்று 60,000இல் போகும், இன்னொன்று ஒன்றரை லட்சம் வரை நிற்கும். சோர்வு விஷயத்தில் இந்தச் சிதறல் மற்ற வலிமைச் சோதனைகளைவிட மிகப் பெரிது. ஆகவே சராசரியை வரம்பாக வைத்தால் பாதிப் பாகங்கள் அதற்கு முன்பே உடைந்துவிடும். லேண்டிங் கியர் போன்றவற்றில் சோதனையில் கிடைத்த ஆயுளை மூன்றாலோ ஐந்தாலோ வகுத்துத்தான் வரம்பு சொல்வார்கள்.

எஞ்சின் டிஸ்குகளில் கணக்கு இன்னும் கறார். ஏறக்குறைய ஆயிரம் டிஸ்கில் ஒன்றில், முக்கால் மில்லிமீட்டர் நீளத்துக்கு விரிசல் தொடங்கக்கூடிய எண்ணிக்கை எதுவோ, அதுவே வரம்பு. திருப்பிப் படித்துப் பாருங்கள். உடைவதற்கான எண் இல்லை. விரிசல் *தொடங்குவதற்கான* எண். அதுவும் ஆயிரத்தில் மிக மோசமான ஒன்றுக்கு. மீதி 999 டிஸ்க்குகளையும் எந்தக் குறையும் இல்லாமல் கழற்றி எறிகிறார்கள். அந்த ஒன்று எது என்று யாராலும் அடையாளம் சொல்ல முடியாது என்பதால்தான் ஆயிரத்துக்கும் ஒரே தீர்ப்பு.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், டிஸ்க் உடைந்தால் தடுக்க எதுவும் இல்லை. எஞ்சினின் ஒரு பிளேடு முறிந்தால் வெளிக்கூடு அதைப் பிடித்துவைக்க வேண்டும் என்பது விதி. சோதித்தும் காட்ட வேண்டும். ஆனால் பிளேடுகளைத் தாங்கும் டிஸ்க் பிளந்தால் எந்தக் கூடும் தாங்காது. போயிங் 737இல் வரும் சி.எஃப்.எம்.56 எஞ்சினின் உட்பகுதி முழு வேகத்தில் நிமிடத்துக்கு 14,000 சுற்றுக்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் பிரிந்த துண்டு இறக்கை, எரிபொருள், குழாய் என்று எதிரில் வருவதை எல்லாம் வெட்டிக்கொண்டு போகும். அந்த எஞ்சின் ரகத்தில் முன் விசிறிப் பகுதிக்கு 30,000, நடுப்பகுதிக்கு 20,000, பின் டர்பைனுக்கு 25,000 சைக்கிள் என்பது பொதுவாக வைக்கும் இலக்கு. ஒவ்வொரு பாக எண்ணுக்கும் தனித்தனி வரம்பு கையேட்டில் உண்டு. அதைத் தாண்டிப் பறக்க விமான நிறுவனத்துக்கும் அதிகாரம் இல்லை, பொறியாளருக்கும் இல்லை.

எல்லாப் பாகத்துக்கும் வரம்பு உண்டா

இல்லை. விமானத்தின் உடலையும் இறக்கையையும் இத்தனை சைக்கிளுக்கு ஒரு தடவை கழற்றி எறிய முடியாது. அங்கே வேறு வழி. விரிசல் வரும் என்று ஒத்துக்கொண்டு, அது ஆபத்தான அளவுக்கு வளர்வதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும். கண்டுபிடிக்கக்கூடிய அளவிலிருந்து ஆபத்தான அளவுக்கு வளர 8,000 சைக்கிள் ஆகும் என்று கணக்கு வந்தால், 4,000 சைக்கிளுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்கச் சொல்வார்கள். ஒரு தடவை கண்ணில் படாமல் போனாலும் அடுத்த தடவை மாட்டும். 1978இலிருந்து பெரிய பயணிகள் விமானங்களை இந்த முறைப்படி வடிவமைப்பது அமெரிக்காவில் கட்டாயமானது. லேண்டிங் கியருக்கு இந்த வழி ஒத்துவராது. அதன் எஃகு மிகக் கடினமானது. ஆபத்தான விரிசலே மிகச் சிறியதாக இருக்கும். கண்டுபிடிக்க அவகாசம் கிடைக்காது. அதனால் அதற்கு வரம்புதான்.

பரிசோதனை மட்டும் போதும் என்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அலோஹா ஏர்லைன்ஸ் சம்பவம் சாட்சி. 1988 ஏப்ரல் 28, ஹவாய்த் தீவுகளுக்கு இடையே பறந்த போயிங் 737. 24,000 அடியில் முன்பகுதிக் கூரை பெயர்ந்து பறந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் காற்றில் இழுக்கப்பட்டு இறந்தார். திறந்த கூரையோடு விமானி மாவி தீவில் இறக்கிவிட்டார். மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். ஏறும்போதே ஒரு பயணி உடலில் விரிசலைக் கவனித்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.

அந்த விமானத்தின் வயது 19. பறந்த நேரம் 35,496 மணி. ஆனால் சைக்கிள் 89,680. வகுத்துப் பாருங்கள், ஒரு பயணம் சராசரி 24 நிமிடம்தான். தீவுக்குத் தீவு தாவிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த விமானத்தை வடிவமைத்தபோது வைத்த இலக்கோ 75,000. இதே 35,496 மணி நேரம் திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு நான்கு மணி நேரப் பயணமாகப் பறந்திருந்தால் சைக்கிள் 9,000ஐக்கூடத் தொட்டிருக்காது.

எண்ணிக்கை மட்டும் இல்லை, உப்புக்காற்றும் சேர்ந்தது. குளச்சலிலோ முட்டத்திலோ வீடு கட்டியவர்களுக்கு ஜன்னல் கம்பி என்ன பாடு படும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த 737இல் உடல் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்புகளைப் பசை போட்டு ஒட்டி, மேலே ஆணியும் அடித்திருந்தார்கள். ஈரம் புகுந்து, அரித்து, பசை விட்டது. பாரம் முழுக்க ஆணித் துளைகளுக்கு மாறியது. ஒரு துளையில் பெரிய விரிசல் வந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். வரிசையாகப் பல துளைகளில் சின்னச் சின்ன விரிசல்கள். தனித்தனியே ஒவ்வொன்றும் ஒன்றுமில்லாததுபோல் இருந்தன; ஒன்றோடொன்று சேர்ந்ததும் கூரை கிழிந்துவிட்டது. அந்த இணைப்புகளைச் சோதிக்க உத்தரவு முன்பே இருந்தது. இந்த வகைச் சேதத்துக்குப் பரிசோதனை மட்டும் காவல் இல்லை என்பதால், 2010இல் அமெரிக்க விமானத்துறை ஆணையம் முழு விமானத்துக்குமே ஓர் உச்ச எண் வகுக்கச் சொன்னது. அதற்கு மேல் அந்த ரகத்தைப் பறக்கவிட முடியாது.

திருவனந்தபுரம் விமான நிலையமும் சங்குமுகம் கடற்கரையை ஒட்டித்தான் இருக்கிறது. கடலோரத்தில் நிற்கும் விமானங்களுக்குக் கழுவுவதும் துருத்தடுப்பு பூசுவதும் அடிக்கடி நடக்க வேண்டும். அங்கேயே 737 ரகத்தைப் பராமரிக்கும் ஹேங்கரும், அதாவது விமானக் கொட்டகையும், இருக்கிறது.

விரிசலைப் பார்ப்பது எப்படி

ஹேங்கர்களில் நடக்கும் சோதனைகளில் பார்க்க அழகானது சாயச் சோதனை. பாகத்தை எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவி, ஒளிரும் சாயத்தை மேலே பூசுவார்கள். மெல்லிய விரிசல் இருந்தால் அந்தத் திரவம் தானாக உள்ளே இறங்கும். கொஞ்ச நேரம் விட்டு, மேற்பரப்பை நன்றாகத் துடைத்து, வெள்ளைப் பொடி தூவுவார்கள். விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் சாயத்தைப் பொடி வெளியே உறிஞ்சும். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தால், வெறுங்கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் மஞ்சள் பச்சையாக ஒரு கோடு மின்னும். கழுவுவதில் சோம்பல்பட்டால், அல்லது துடைக்கும்போது விரிசலுக்குள் இருந்ததையும் சேர்த்துத் துடைத்துவிட்டால், கோடு வராது. சோதனை பாஸ் ஆகிவிடும். ஆபத்து அங்கேதான். மின்சுழல், மீயொலி, காந்தத்தூள் என்று வேறு முறைகளும் உண்டு. மேற்பரப்புக்கு உள்ளே இருப்பதைப் பார்க்க மீயொலி கைகொடுக்கும்.

1989 ஜூலை 19இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்தது யுனைடெட் ஏர்லைன்ஸின் 232ஆம் எண் பயணம், டி.சி.-10 ரக விமானம். அதன் வால் எஞ்சினின் விசிறி டிஸ்க் 18,000 சைக்கிள் வரம்பில் 15,503இல் பிளந்தது. வரம்புக்குள்தான் இருந்தது. டைட்டானியத்தை உருக்கிய நாளிலேயே அதற்குள் நைட்ரஜன் கலந்து இறுகிய ஒரு சிறு கட்டி உட்கார்ந்திருந்தது. விரிசல் அங்கிருந்து தொடங்கியது. முந்தைய சாயச் சோதனையின்போதே அரை அங்குல அளவு வளர்ந்திருக்கும் என்று விசாரணையில் கணக்கிட்டார்கள். யார் கண்ணிலும் படவில்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். உலோகம் சுத்தமானது என்று நம்பித்தான் வரம்பு எண் போடப்படுகிறது. அந்த நம்பிக்கை பொய்த்தால் எண்ணும் பொய்த்துவிடும். அதன் பிறகு டைட்டானியத்தை உருக்கும் முறையும் டிஸ்குகளைச் சோதிக்கும் முறையும் மாறின.

வரம்புக்கு முன்பே மாற்றுவது

இத்தனையும் நிற்பது காகிதத்தின் மேல். ஆயுள் வரம்புள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் வரிசை எண் உண்டு. பிறந்த நாளிலிருந்து எந்த எஞ்சினில் எத்தனை சைக்கிள் ஓடியது என்ற கணக்கு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் சில ஆண்டுகளின் ஏடு தொலைந்துபோனால் பாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான். வரம்பு முடிந்ததை அறுத்துப் போடுவதும் இதற்காகவே. முழுசாக விட்டால் யாராவது வரிசை எண்ணை மாற்றி விற்றுவிடுவார்கள்.

வரம்பைத் தொடும் வரை காத்திருப்பதும் அபூர்வம். ஓர் எஞ்சின் வேறு ஏதோ பழுதுக்காகப் பட்டறைக்கு வந்து பிரித்துக் கிடக்கிறது என்று வையுங்கள். அதில் ஒரு டிஸ்குக்கு இன்னும் 3,000 சைக்கிள் மிச்சம். திருவனந்தபுரம், சென்னை, பெங்களூர் என்று நாளைக்கு ஐந்து பயணம் போனால் 600 நாளில் அது தீர்ந்துவிடும். மற்ற எல்லாம் பத்தாயிரம் சைக்கிள் தாங்கும் நிலையில் இருந்தாலும், இந்த ஒன்றுக்காக மறுபடி எஞ்சினை இறக்கி, பிரித்து, அத்தனை நாள் விமானத்தை நிறுத்தவோ வாடகை எஞ்சின் மாட்டவோ வேண்டும். அந்தச் செலவு டிஸ்கின் மிச்ச ஆயுளைவிடப் பெரிது. அதனால் பிரித்த கையோடு அதையும் மாற்றிவிடுகிறார்கள். இறக்கிய டிஸ்கை உடனே அறுப்பதில்லை. ஏடு சரியாக இருந்தால், இன்னும் ஒன்றரை ஆண்டில் குத்தகை முடிந்து திருப்பிக்கொடுக்கப் போகும் ஒரு விமானத்தின் எஞ்சினுக்கு அந்த 3,000 சைக்கிள் கச்சிதமாகப் பொருந்தும். மிச்ச சைக்கிளுக்கு இவ்வளவு என்று விலை பேசி வாங்கிப் போவார்கள்.